சனிக்கிழமை மருந்து

கூண்டின் தாழ்ப்பாளை இழுத்ததும் வாத்துகள்தான் முதலில் வந்தன, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு. அவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு மொட்டைக்கழுத்துக் கோழிகள், கொண்டைக்காரிகள், இரண்டு சேவல்கள். கடைசியாக, யாரையும் நம்பாத கினிக்கோழிகள் ஐந்து. கோழியக்கா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தவிட்டுச் சட்டியை உயரத் தூக்கிக்கொண்டாள். மணி ஒன்பதரை ஆகியிருந்தது. வழக்கமாக ஆறு மணிக்கெல்லாம் திறந்துவிட்டிருப்பார்கள்.

“அண்ணி, இப்போ இது என்ன வேலை?” பின்வாசலில் கொழுந்தன் நின்றான். “உள்ள அண்ணனைப் போட்டு வச்சிருக்கு. வந்தவங்க எல்லாம் நீங்க எங்கே எங்கேன்னு கேக்கறாங்க.”

“உங்க அண்ணன் எந்திரிச்சு வந்து திறந்து விடப் போறாரா?” என்றாள். “விடிஞ்சதிலேர்ந்து கத்துதுங்க. அதுங்களுக்குப் பசிக்காதா?”

கொழுந்தன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனான். போகட்டும். அழுதால்தான் துக்கம் என்று நினைக்கிறவர்களிடம் என்ன பேசுவது.

முந்தின நாள் காலை பதினோரு மணிக்கு அவள் புருஷன் மீட்டர்க்காரர் இதே கொல்லையில்தான் போய்ச் சேர்ந்தார். கீரையை அறுத்துப் போட்டுவிட்டு, கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தலை சுவரில் சாய்ந்திருந்ததைப் பார்த்துத் தூங்குகிறார் என்றுதான் நினைத்தாள். “வெயில் ஏறுது, உள்ள போய்ப் படுங்களேன்” என்று இரண்டு தடவை சத்தம் போட்டாள். மூன்றாம் தடவை எரிச்சலோடு போட்டாள். அந்த எரிச்சலை நினைத்து நினைத்துத்தான் ராத்திரி முழுக்க மனசு அறுத்தது. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் படியேறி மின்சார மீட்டர் பார்த்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் மீட்டர்க்காரர்தான். அவளுக்கும் சொந்தப் பெயர் போய், கோழியக்கா என்று ஆகி எட்டு வருஷம்.

அந்த எட்டு வருஷத்தில் இந்தக் கொல்லைக்குள் ஒரு மாத்திரை வந்ததில்லை, ஒரு ஊசி வந்ததில்லை. அதுதான் அவள் பெருமை. மூட்டைத் தீவனம் கிடையாது. கரையான், கீரை, அடுப்படிக் கழிவு, நொறுக்கின தானியம். பேனுக்குச் சாம்பல் குழி. சளிக்கு மஞ்சளும் மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்த உருண்டை. ஊரெல்லாம் வெள்ளைக்கழிச்சல் வந்து கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்த வருஷங்களில்கூட அவள் கொல்லையில் ஒன்றும் தலையைத் தொங்கப் போட்டதில்லை. இதைக் கேள்விப்பட்டுத்தான் நூலகத்துக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள். சனிக்கிழமை தோறும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை நூலக ஹாலில் அவள் வகுப்பு. இருபது பேருக்குக் குறையாது. “கோழிக்குத் தன்னைக் காப்பாத்திக்கத் தெரியும். நாமதான் மருந்தைக் குடுத்து அதைச் சோம்பேறி ஆக்கறோம்” என்று அவள் தொடங்கினால் பேனாக்கள் ஓடும்.

இன்றும் சனிக்கிழமைதான். வகுப்பு இல்லை என்று மகன் காலையிலேயே நூலகத்துக்குப் போன் செய்துவிட்டான்.

சட்டியைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாள். முன்னறையில் கண்ணாடிப் பெட்டி, சுற்றிலும் எதிர்வீட்டு டெய்லர் கொண்டுவந்து போட்ட நாற்காலிகள். பெட்டியின் தலைமாட்டில் ஒருத்தி முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அந்த முதுகை எங்கே பார்த்தாலும் தெரியும். தங்கை.

நாலு வருஷம் கழித்து வந்திருக்கிறாள். தங்கை திரும்பி, “அக்கா” என்று மட்டும் சொன்னாள். கையைப் பிடிக்கவில்லை. “டீ போடறேன், எல்லாரும் சும்மா உக்காந்திருக்காங்க” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் தங்கையிடம் நாற்பது கோழிகள் இருந்தன. கோழியக்காவிடம் வாங்கிப் போன நாலு கோழிகளையும் ஒரு சேவலையும் வைத்து இரண்டு வருஷத்தில் நாற்பது ஆக்கியவள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வேறு. ஊரில் நோய் வருகிறது என்று பயந்து தடுப்பு மருந்து வாங்கி வைத்திருந்தாள். போனில் அதைக் கேட்டதும் கோழியக்கா எகிறினாள். “அந்தக் குப்பியைத் தூக்கிச் சாக்கடையில போடு. என்கிட்ட இத்தனை இருக்கே, ஒண்ணுக்காவது போட்டிருக்கேனா?” தங்கை போட்டாள், சாக்கடையில். பத்தாம் நாள் நாற்பதும் போயின. கோழியக்காவும் மீட்டர்க்காரரும் ஓடினார்கள். அங்கே போய் என்ன சொன்னாள்? ஆறுதலா சொன்னாள்? “கூண்டைச் சுத்தமா வச்சிருந்தா இது வந்திருக்குமாடி? நீ குப்பையில வளர்த்துட்டு என் முறையைக் குத்தம் சொல்லாதே” என்றாள். மீட்டர்க்காரர் பக்கத்தில்தான் நின்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் குழி வெட்டினார். அன்றைக்கு அறுந்ததுதான் அக்கா தங்கை பேச்சு.

தண்ணீர்த் தொட்டியை நிரப்பாமல் வந்தது நினைவுக்கு வந்தது. மறுபடி கொல்லைக்குப் போனாள். நாலு குடம் ஊற்றியிருப்பாள், சந்துப் பக்கத்துக் கதவு திறந்தது. கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர். தோளில் ஒரு பிளாஸ்க் தொங்கியது. உள்ளே இரண்டு எட்டு வைத்தவர் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

“அம்மா... நீங்க கிளாசுக்குப் போகலையா?”

“நீங்க எங்கே இந்தப் பக்கம்?”

“சும்மாதான்... சார் இல்லையா?”

“சார் நேத்து போயிட்டாரு.”

“எங்கே?” என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஐம்பது வயது ஆள், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். “போன சனிக்கிழமைகூட நல்லா பேசிட்டிருந்தாரே அம்மா. குஞ்சு பொரிச்சிருக்கு, அடுத்த வாரம் ஏழு நாள் ஆயிடும், மறக்காம கொண்டாந்துடுன்னாரே.”

“என்னத்தைக் கொண்டாரச் சொன்னாரு?”

கம்பவுண்டர் பிளாஸ்க்கை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். தள்ளி என்ன பிரயோஜனம்.

“அந்த பிளாஸ்க்கில என்ன?” என்றாள்.

“சொட்டு மருந்து” என்றார் அவர். “வெள்ளைக்கழிச்சலுக்கு.”

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆள் மாறி வந்துவிட்டாரோ, வேறு வீட்டுக்குப் போக வேண்டியதோ? கம்பவுண்டர் எதிரே மேய்ந்துகொண்டிருந்த கோழியின் காலைக் கைகாட்டினார். மின்சாரக் கம்பியின் மேல்தோலைச் சின்னச் சின்னதாக நறுக்கி, குஞ்சுகளின் காலில் மீட்டர்க்காரர் மாட்டும் வளையம். மஞ்சள் என்றால் சின்னக் குஞ்சு, சிவப்பு என்றால் இரண்டு மாதம் தாண்டியது. அடையாளத்துக்கு என்று அவர் சொன்னதை அவள் வகுப்பிலும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இருபது பேரும் எழுதிக்கொண்டார்கள்.

“மஞ்சள் போட்டா கண்ணுல சொட்டு விட்டாச்சுன்னு கணக்கு அம்மா. சிவப்பு போட்டா றெக்கைக்கு அடியில ஊசி போட்டாச்சு. விட்டுப் போயிடக் கூடாதுன்னு சாரே யோசிச்சு வச்சாரு.”

“எப்போலேர்ந்து?”

“நீங்க மருமகளுக்குப் பிரசவம்னு போயிருந்தீங்களே, முதல் வருஷம்? அப்போ ஒன்பது கோழி போயிடுச்சு. சார் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாரு. நீங்க திரும்பி வர்றதுக்குள்ள சந்தை சந்தையா அலைஞ்சு அதே மாதிரி எட்டைப் புடிச்சுட்டாரு. அந்த மொட்டைக்கழுத்து ஒண்ணுதான் கிடைக்கலை.”

அந்த மொட்டைக்கழுத்தை எதிர்வீட்டு நாய் தூக்கிப் போனது என்று மீட்டர்க்காரர் சொன்னார். அவள் டெய்லர் வீட்டு வாசலில் நின்று தெரு கூடும்படி கத்தினாள். அந்த ஆள் வாயில்லாதவர். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வளர்த்த நாயைத் தூரத்து உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். இன்றைக்குத் துக்க வீட்டுக்கு நாற்காலி தூக்கி வருகிறார்.

“எட்டு வருஷமா வர்றீங்க?”

“நீங்க வெளியே கிளம்பினதும் போன் பண்ணுவாரு. கிளாஸ் ஆரம்பிச்ச பிறகு சனிக்கிழமைன்னு ஆயிடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க அம்மா. கோழிங்க நல்லா இருக்கணும்னுதான். உங்க மனசும் நோகக் கூடாதுன்னு...”

“எந்திரிச்சு முன்பக்கம் போங்க” என்றாள். “போய் அவரைப் பாத்துட்டு வாங்க. நல்ல கூட்டாளி.”

முன்னறைக்கு வந்து பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி முதுகைத் தடவிக் கொடுத்தாள். அழட்டும், அழுது தீர்க்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளே மீட்டர்க்காரர் ஒன்றும் அறியாத பாப்பா மாதிரி படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்து, சிரிக்கிற மாதிரிகூட இருந்தது. பாவி மனுஷா. சனிக்கிழமை காலையில் குடையை எடுத்துக் கொடுத்து, நோட்டை எடுத்துக் கொடுத்து, “நல்லா அடிச்சுப் பேசிட்டு வா” என்று வாசல் வரை வந்து வழியனுப்புவாரே, அது இதற்குத்தானா? அவள் தெரு முனை திரும்பும் வரை நின்று பார்ப்பார். எத்தனை நாள் அதை நினைத்து உள்ளுக்குள் பூரித்திருக்கிறாள்! போய்விட்டாளா என்று பார்த்திருக்கிறார்.

மருந்து போட்டதுகூடப் போகட்டும். எட்டு வருஷம் தலையில் மிளகாய் அரைத்ததும் போகட்டும். அந்தக் குழி? நாற்பது கோழியைக் கொட்டி மூடும்போது, “நீ குப்பையில வளர்த்தே” என்று அவள் தங்கையைப் பார்த்துச் சொன்னபோது, அவர் வாய் எங்கே போயிற்று? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தங்கை தலை குனிந்து நின்றிருக்க மாட்டாள். தெரிந்தே கோழியக்காவைப் பேச விட்டார். எல்லோருக்கும் எதிரில் அவளை ஒரு கொடுமைக்காரியாக நிற்க வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார்.

“அக்கா.”

தபால் ஆபீசில் வேலை செய்யும் பெண். ஒரு வகுப்பையும் விடாதவள், முன்வரிசையில் உட்காருபவள். பூமாலையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கோழியக்காவின் பக்கத்தில் குந்தினாள். கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு காதருகில் குனிந்தாள்.

“இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான். மனசு கேக்கலை. எங்க பின் தெருவுல கோழிங்க சாகுதுக்கா. வெள்ளையா கழியுது, கழுத்தைத் திருப்பிக்குது. என்னோட முப்பதும் இன்னிக்கு வரைக்கும் நல்லாத்தான் இருக்கு. உடனே மருந்து போடுன்னு வீட்டுல ஒரே சண்டை. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். கோழியக்கா வீட்டுக் கோழியை வந்து பாருங்க, அப்புறம் பேசுங்கன்னு சொல்லிட்டேன். நான் சொன்னது சரிதானே அக்கா?”

கோழியக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். நம்பிக்கை வழிகிற முகம். நாலு வருஷத்துக்கு முன்னால் போனில் கேட்ட குரலுக்கும் இதே முகம்தான் இருந்திருக்கும். “சரிதான்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீட்டர்க்காரர் நல்லவராகவே போய்ச் சேருவார், அவளும் கோழியக்காவாகவே இருப்பாள். அறையில் கொழுந்தன், மகன், டெய்லர், தெருப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். அடுப்படி வாசலில் தங்கை டீத் தட்டோடு நின்றாள். வாயைத் திறந்தால் அவளுக்கும் கேட்கும்.

“போடு” என்றாள்.

“என்னக்கா?”

“மருந்து போடு. இன்னிக்கே போடு.” குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “என் கோழிங்க ஒண்ணும் தன்னால பிழைச்சு நிக்கலை. ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் இவரு மருந்து போட்டிருக்காரு. எட்டு வருஷமா, நான் வீட்டுல இல்லாத நேரத்துல, உங்களுக்கெல்லாம் பாடம் எடுக்க வந்த நேரத்துல, இங்க ஊசி போட்டிருக்காரு. எனக்கே இப்போதான் தெரியும்.”

தபால் ஆபீஸ் பெண்ணின் கை மெதுவாக விலகியது.

“அம்மா” என்று மகன் எழுந்தான். “அப்பாவைப் பத்தி இப்போ...”

“நீ உக்காரு. டெய்லர் தம்பி, உங்க நாய் என் கோழியைத் தொடலை. செத்ததைப் புதைச்சுட்டு நாய் மேல பழி போட்டாரு. நான் கத்தினதுக்கு மன்னிச்சுக்கங்க.”

டெய்லர் என்ன செய்வது என்று தெரியாமல், “பரவால்லக்கா, அது ரொம்ப நாளாச்சு” என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

கோழியக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். தங்கை தட்டை மேடையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்து நின்றாள்.

“கேட்டியா?” என்றாள் கோழியக்கா. “உன் கோழிங்களை நான்தான் கொன்னேன். கூண்டு சுத்தமாத்தான் இருந்துச்சு. நீ ஒரு தப்பும் பண்ணலை.”

தங்கை திரும்பவில்லை. “தெரியும்க்கா” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நீ கோவிச்சுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டே. மாமா குழியை மூடிட்டு வர்றேன்னு நின்னாரு இல்ல? அப்போ சொன்னாரு. எல்லாத்தையும் சொல்லிட்டு மண்ணுல உக்காந்து அழுதாரு. அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்மா, உடைஞ்சு போயிடுவான்னாரு.”

கம்பவுண்டருக்குத் தெரியும். தங்கைக்குத் தெரியும். சந்துக் கதவுக்கும் தெரியும். அவள் ஒருத்திதான் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் புத்தி சொல்லப் போயிருக்கிறாள்.

“உடைஞ்சு போறதுக்கு நான் என்ன மண்சட்டியாடி?” என்றாள். “நாலு வருஷம்! ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரி ஆக்கியிருக்கீங்களே. உனக்காவது சொல்லணும்னு தோணலையா?”

“தோணாம என்ன? வந்தா வாயில வந்துடும்னுதான் வரலை.” தங்கை இப்போது திரும்பினாள். கண் சிவந்திருந்தது. “நாற்பது கோழியை வாரிப் போட்டுட்டு நிக்கறேன், ‘குப்பையில வளர்த்தே’ன்னே. சரி, அது கோவத்துல வந்த பேச்சுன்னு வச்சுக்குவோம். அதுக்கப்புறம் நாலு வருஷத்துல ஒரு தடவை, ‘எப்படிடி இருக்கே’ன்னு வந்தியா நீ? அவரு ஏமாத்தினாரு, நான் மறைச்சேன். நீ என்ன பண்ணினே?”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் தங்கைதான் அணைத்தாள்.

வாசலில் வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டது. பதினொன்றே முக்கால். கொழுந்தன் எல்லோரையும் எழுப்பிக்கொண்டிருந்தான். கோழியக்கா முன்னறைக்குப் போகாமல் கொல்லைப் பக்கம் திரும்பினாள். கம்பவுண்டர் முன்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதே கல்லில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார்.

“ஐஸ் எத்தனை நேரம் தாங்கும்?”

“பாதி உருகிடுச்சும்மா. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினா பெரிசு. மருந்துப் பொடியைத் தண்ணியில கலக்கிட்டா உடனே போட்டு முடிச்சுடணும்.”

“கலக்குங்க. ஒரு குப்பி எத்தனைக்கு வரும்?”

“நூறுக்கு.”

“இங்கே பதினாலு குஞ்சு. மிச்சத்தை ஐஸோட அந்தத் தபால் ஆபீஸ் பொண்ணுகிட்ட குடுத்து, நீங்களே கூடப் போய் அவ கோழிங்களுக்குப் போட்டு விடுங்க. அவளைக் காக்க வைக்க வேண்டாம். முதல்ல நமக்கு ஒரு சொட்டுப் புட்டியில பிரிச்சுக் குடுத்துடுங்க.”

கம்பவுண்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். குப்பியின் மூடியைத் திறந்தார்.

கூடையின் அடியிலிருந்த தாய்க்கோழி முழங்கை வரை கொத்தியது. அதைப் பொருட்படுத்தாமல் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டு கோழியக்கா தரையில் உட்கார்ந்தாள். சொட்டுப் புட்டி கையில் சில்லென்று இருந்தது. எட்டு வருஷம் கோழி வளர்த்து, ஊருக்கே பாடம் எடுத்தவளுக்கு இதை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை.

பின்னால் தங்கை வந்து நின்றாள். பிறகு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு குஞ்சை எடுத்தாள். “தலையை இப்படிச் சாய்ச்சுப் பிடிக்கணும். ஒரே சொட்டு. கண்ணை மூடித் திறக்கற வரைக்கும் விடக் கூடாது. அப்போதான் உள்ள இறங்கும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அந்தக் குப்பியோட ஒரு காகிதம் இருந்துச்சு. அதை மட்டும் சாக்கடையில போடலை.”

கோழியக்கா முதல் சொட்டை விட்டாள். குஞ்சு கண்ணை மூடித் திறந்தது. தங்கை அதைக் கூடைக்குள் விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

மகன் ஓடி வந்தான். தலை கலைந்து, முகம் வீங்கியிருந்தது. “அம்மா, என்னம்மா பண்றே? கடைசியா ஒரு தடவை வந்து பாரும்மா. அப்பாவை ஏத்தப் போறாங்க.”

“ஏத்தட்டும்.”

“எல்லாரும் உனக்காக நிக்கறாங்கம்மா. டிரைவர் அவசரப்படுத்தறாரு.”

“உங்கப்பா எங்கேயும் போயிட மாட்டாரு. இருக்கச் சொல்லு.” அவள் நிமிரவில்லை. “இன்னும் பதினொண்ணு இருக்கு.”

மகன் சித்தியைப் பார்த்தான். சித்தி அவனைப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டி, போ என்றாள். அவன் போனான். முன்பக்கத்தில் கொழுந்தனின் குரல் உயர்ந்தது, அப்புறம் அடங்கியது. வண்டியின் என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ சொல்லியிருக்க வேண்டும், அது நின்றுவிட்டது. வாத்துகள் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கலக்கிக்கொண்டிருந்தன.

தங்கை அடுத்த குஞ்சை நீட்டினாள். கோழியக்கா அதன் தலையைச் சாய்த்து ஒரு சொட்டு விட்டுவிட்டு, அது கண்ணை மூடித் திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.